தலைக்காயத்துக்குப் பிறகு: வேலூரா, வீடா, வர்மமா?

நாங்குநேரி நான்குவழிச் சாலையிலோ தென்காசி சாலையிலோ பைக்கிலிருந்து விழுந்தவரை திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்க்கும்வரை நம் ஊரில் யாருக்கும் குழப்பம் இல்லை. 108 வந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. ஸ்கேன், அறுவை, ஐசியு எல்லாமே மருத்துவர்கள் முடிவெடுத்து நடந்துவிடுகின்றன. டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் திண்டாட்டம் ஆரம்பிக்கிறது. ஆளுக்குக் கண் திறந்திருக்கிறது, பேச்சு இல்லை. அல்லது பேச்சு இருக்கிறது, காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில்லை. பெரிய மாமா வேலூர் என்பார். அடுத்த வீட்டு ஆச்சி வர்ம ஆசானிடம் காட்டச் சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஸ்டெம் செல் விளம்பரத்தை அனுப்பிவைப்பான். கையில் இருக்கும் பணமோ ஒன்றுக்குத்தான் காணும்.

இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முன், சீட்டில் இ, வி, எம் என்ற எழுத்துகளுக்கு அருகே உள்ள சிறு எண்களைப் பாருங்கள். கண் திறப்பு, பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தரும் இந்த அளவுகோலை 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் வகுத்தார்கள். கூட்டினால் 3 முதல் 15 வரை வரும். 13-க்குக் குறையாவிட்டால் லேசான காயம். அதற்கு ஓரிரு நாள் ஓய்வெடுத்து, பிறகு நடையையும் வேலையையும் மெல்லக் கூட்டிக்கொண்டு போனால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்; நாள்கணக்கில் இருட்டறையில் படுக்கவைப்பது நன்மை தருவதில்லை. 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான காயம். அந்த வகைக்காரர்களை ஓராண்டு பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. ஆண்டு முடிவில் அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர், பகலில் எட்டு மணி நேரமாவது துணையின்றி வீட்டில் இருக்கும் நிலைக்காவது வந்திருந்தார்கள். இரண்டாவது வாரத்திலேயே ‘இனி இவ்வளவுதான்’ என்று கைவிரிப்பவர்களிடம் காட்ட வேண்டிய கணக்கு இது.

வெளியூர் மருத்துவமனையா, வீடா?

வேலூர் சி.எம்.சி.யின் பெயர் சும்மா வரவில்லை. 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த மருத்துவர் மேரி வர்கீஸ், அந்த நாற்காலியில் இருந்தபடியே அறுவைகள் செய்து, பின்பு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையம் 1966-இல் வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுத் துறையும், நினைவையும் கவனத்தையும் சோதித்துப் பயிற்சி தரும் உளவியலாளர்களும் உண்டு. இத்தகைய உளவியலாளர்கள்தான் நம் பக்கம் அரிது. பிசியோதெரபிஸ்ட் வண்ணார்பேட்டையில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். பேச்சுப் பயிற்சியாளரையும், அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பலரும் சொல்வார்கள். கடற்படை அதிகாரித் தேர்வின்போது முதுகுத்தண்டில் காயம்பட்ட ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. கிராமம் கிராமமாகப் போய் வேலை செய்யும் அமைப்பு. ஆனால் அதன் பெரும்பலம் முதுகுத்தண்டுக் காயத்திலும் குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சியிலும் இருக்கிறது. தலைக்காயம் வேறு பிரச்சினை என்பதால், ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன் போனில் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது எதிர்ப்பக்கம். அமெரிக்காவில் ராணுவத்தினர் 120 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மருத்துவமனையில் எட்டு வாரப் பயிற்சி. மற்றொரு குழு வீட்டில் இருந்தது. வாரம் ஒருமுறை செவிலியர் போனில் பேசுவார், செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சொல்வார். ஓராண்டில் வேலைக்குத் திரும்பியவர்கள் மருத்துவமனைக் குழுவில் 90 சதவீதம், வீட்டுக் குழுவில் 94 சதவீதம். வேலூர் செலவுக்கு நகை அடகு வைக்கக் கிளம்புபவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள். ஆனால் இதே ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கு மேல் சுயநினைவிழந்து கிடந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது மருத்துவமனைக் குழுதான் முந்தியது. காயம் கனமாக இருந்தால் மருத்துவமனைக்கு மதிப்பு கூடுகிறது.

அப்படியென்றால் வீட்டாரிடமே முழுவதையும் விட்டுவிடலாமா? அதற்கும் நம் நாட்டிலிருந்தே பதில் இருக்கிறது. 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2017-இல் முடிவு வந்தது. அது பக்கவாதத்துக்கான ஆய்வு என்றாலும் பாடம் நமக்கும் பொருந்தும். வீட்டில் ஒருவருக்குச் சில நாள் சொல்லிக்கொடுத்து, பிறகு சிலமுறை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மூன்று நாள் பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு மகளோ மனைவியோ தெரபிஸ்ட் ஆகிவிட முடியாது.

எனக்கு நம்பிக்கை தரும் வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. லண்டனில் 2002-இல் வெளியான ஆய்வில், பயிற்சியாளர்கள் வாரம் இருமுறை நோயாளியின் வீட்டுக்கே போனார்கள். சராசரியாக ஆறு மாதத்துக்கு மேல் போனார்கள். சமையல், பஸ் ஏறுவது, கடைக்குப் போவது என்று அவரவர் வாழ்க்கைக்கு வேண்டியதையே பயிற்சி ஆக்கினார்கள். வெறும் கையேடு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் முன்னேறினார்கள். அதில் சிலர் காயம்பட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கள், அவர்களுக்கும் பலன் குறையவில்லை. ‘ஆறு மாதத்தில் வந்தது வந்ததுதான்’ என்ற பேச்சு நம் வார்டுகளில் இன்னும் ஓயவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முக்கூடலில் இருக்கும் என் பெரியம்மா மகள் விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனபோது சேலை சக்கரத்தில் சிக்கி விழுந்தவர். வெளியூர் மறுவாழ்வு மையம் ஒன்றில் சில வாரம் வைத்திருந்தோம். நடையும் விழுங்குவதும் அங்கேதான் திரும்பின, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பயிற்சிக் கூடத்துக்குள் அத்தானையோ மகளையோ விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமலே திரும்பினார்கள். குச்சிகளைத் துளைகளில் செருகும் பலகை ஒன்றை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். அக்கா அதைத் தொடவே இல்லை.

பிறகு நம் பக்கத்துப் பெண் ஒருவர், படித்து முடித்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், வீட்டுக்கு வந்தார். பலகையை ஓரமாக வைத்துவிட்டுச் சுளவை, அதாவது முறத்தை, எடுத்துக் கொண்டுவரச் சொன்னார். அக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றியவர். நனைத்த இலையை எடுக்க வேண்டும், தகட்டை வைத்து அளவாகக் கத்தரிக்க வேண்டும், தூளைப் பரப்பிச் சுருட்ட வேண்டும், நுனியை மடித்து மூடி நூல் கட்ட வேண்டும். புகையிலைத் தூளுக்குப் பதில் தவிடு. விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது, வரிசைதான் கலைந்துபோயிருந்தது. நுனியை மடிக்கும் முன்பே நூலைக் கட்டிவிடுவார். தவிடு மடியில் கொட்டும். கோபத்தில் சுளவைத் தள்ளிவிடுவார். அந்தப் பெண் வேலையைப் பின்பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் நூல் மட்டும் அக்கா கட்டினார், மற்றதெல்லாம் மகள் செய்து கொடுத்தாள். நூல் தப்பாமல் விழுந்த பிறகு மடிப்பு, அதன் பிறகு சுருட்டு. தப்புச் செய்யவே இடம் கொடுக்காமல் பழக்கும் இந்த முறைக்கு, நினைவாற்றல் கெட்டவர்களிடம் ஆய்வுச் சான்று இருக்கிறது. இடது கைக்கு வலுவும் அதிலேயே வந்தது. பீடித் தொழில் நல்ல தொழில் என்று வாதாட நான் வரவில்லை. பத்தமடையாக இருந்தால் கோரைப்பாய் ஆகியிருக்கும்.

என் முடிவு இதுதான்: கழுத்துக் குழாய், மூக்குக் குழாய், விழுங்குவதில் சிக்கல், கட்டுக்கடங்காத ஆவேசம் இருக்கும்வரை உள்நோயாளிப் பயிற்சிதான் சரி, கடன் வாங்கியாவது போகலாம். அது தீர்ந்ததும் மிச்சப் பணத்தை அங்கே நாள் நீட்டிப்பதற்குச் செலவழிக்காமல், வீட்டுக்கு வந்து போகிற ஆளுக்கு ஒதுக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் இலவசமாக வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். ஆனால் சுற்றுவட்டாரம் முழுவதும் அவர் தலையில் என்பதால் தினமும் வரமாட்டார். அவர் வரும் நாளில் கேட்டுக் கற்றுக்கொண்டு, மற்ற நாள்களில் நாம் செய்ய வேண்டும்.

நினைவுக்கு விலை உயர்ந்த செயலிகளைவிடச் சுவரில் மாட்டிய தினசரி காலண்டரும் ஒரு நோட்டும் போன் அலாரமும் மேல். கம்ப்யூட்டர் விளையாட்டில் பயிற்சி எடுப்பவர் அந்த விளையாட்டில் தேறுகிறார். மாத்திரை போட மறப்பது அப்படியே இருக்கிறது.

பிசியோவா, வர்மமா?

பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில் இந்தக் கேள்வியைக் கேலி செய்து கடந்துபோக முடியாது. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் தொக்கணம் இதமானது. இறுகிய தசைக்கு எண்ணெயும் சூடான கையும் சுகம் தருவதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வர்மத்தால் மூளைக்காயம் தேறுகிறது என்று காட்டும் பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. பிசியோதெரபியில் நோயாளியே அசைய வேண்டும், எழ வேண்டும், நூறு முறை திரும்பச் செய்ய வேண்டும். தொக்கணத்தில் அவர் படுத்திருக்கிறார். மூளை கற்றுக்கொள்வது முதல் வகையில்தான். சேர்த்துச் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சில எல்லைகளோடு.

அறுவையில் மண்டையோட்டுத் துண்டை எடுத்திருந்தால் அந்த இடத்தில் தோலுக்கடியில் எலும்பு இல்லை. எடுத்த துண்டைப் பல இடங்களில் வயிற்றுத் தோலுக்குள் வைத்துத் தைத்திருப்பார்கள், சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். அதுவரை தலையில் அழுத்தும் எந்த வைத்தியமும் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்க்கவே கூடாது. முழங்கையும் இடுப்பும் இறுகிப்போனால் பலம் போட்டு நிமிர்த்துகிறார்கள். தலைக்காயக்காரர்களுக்கு மூட்டைச் சுற்றிய சதையில் எலும்பு வளரும் ஆபத்து உண்டு, முரட்டு நிமிர்த்தல் அதை மோசமாக்கலாம். இதில் சில பிசியோக்களும் குற்றவாளிகளே. உள்ளுக்குத் தரும் பஸ்பம், செந்தூரம், லேகியம் எதுவானாலும் வலிப்பு மாத்திரை எழுதிய மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரையா, ஊசியா?

நம் டிஸ்சார்ஜ் சீட்டுகளில் அடிக்கடி தென்படும் பெயர் சிட்டிகோலின். 2012-இல் 1,213 பேரை வைத்து நடந்த ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. அதே 2012-இல் அமன்டடீன் என்ற பழைய மாத்திரை நன்றாகத் தேறியது. சுயநினைவு சரியாகத் திரும்பாத 184 பேரில், அதைப் பெற்றவர்கள் நான்கு வாரத்தில் வேகமாக முன்னேறினார்கள். நிறுத்திய பிறகு இரு குழுவுக்கும் இடைவெளி சுருங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறும் வலிப்பும் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை தேவை என்பதால் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. வலிப்பு தடுக்கும் ஃபெனிடாயின் முதல் வாரத்து வலிப்பைத் தடுக்கிறது. ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்வது ஏன் என்று கேட்க உரிமை இருக்கிறது. கேட்காமல் நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டெம் செல்லுக்கு ஒரு பத்தி போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி, அங்கீகரிக்கப்பட்ட சில ரத்த நோய்களுக்கு வெளியே இதைப் பயன்படுத்துவதென்றால் முறையாகப் பதிவுசெய்த ஆய்வாக இருக்க வேண்டும். ஆய்வென்றால் நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

காகித வேலை

நடக்கிறார், பேசுகிறார், ஆனால் கடையில் சில்லறை எண்ண முடியவில்லை, நொடியில் கோபம். இப்படிப்பட்டவருக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக்காயம் தனியாக இல்லை. கை கால், பேச்சு, மனநலம் என்று எதில் பொருந்துகிறதோ அதில்தான். விபத்து இழப்பீட்டு வழக்கிலும் உடல் ஊனச் சதவீதத்தையே பிடித்துக்கொண்டு பேசுவார்கள். ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நிரூபிக்க நினைவு, கவனம், முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்த உளவியலாளரின் அறிக்கை வேண்டும். பெங்களூருக்கோ வேலூருக்கோ ஒருமுறை போய்வருவதற்கு, படுக்கை கிடைக்காவிட்டாலும், இந்த அறிக்கை ஒன்றே போதுமான காரணம். உடனிருந்து கவனிப்பவரின் சம்பளம், டாக்சிக் கட்டணம், டயப்பர் செலவு எல்லாவற்றுக்கும் ரசீது சேர்த்து வையுங்கள்.

ரயில் டிக்கெட் எடுக்கும் முன் அந்த மையத்துக்குப் போன் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள். பயிற்சி நடக்கும்போது வீட்டார் உள்ளே இருக்கலாமா? பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் தினமும் இருக்கிறார்களா, அழைத்தால் மட்டும் வருவார்களா? தமிழில் பயிற்சி தருவார்களா? வீட்டில் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்து, திரும்பிய பிறகு போனில் தொடர்வார்களா? முதல் கேள்விக்கே இல்லை என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.