கடலோர வீட்டுக் கூரை: தகடா, ஓடா, தளமா?

கடலோர வீட்டின் கூரைக்கு மழையைவிடப் பெரிய பகை உப்பு. உடையும் அலையின் நுண்துளிகளைக் காற்று சுமந்து வந்து கூரையில் படியவிடுகிறது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழையில்லாத நாளிலும் தகடு நெடுநேரம் நனைந்தே கிடக்கிறது. மேற்பரப்பை மழையாவது கழுவிவிடும். சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பான இறவாணத்தின், மழை எட்டாத அடிப்பக்கத்தை யார் கழுவுவது? அரிப்பு பெரும்பாலும் அங்கேதான் முற்றுகிறது.

துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டைக் கடலை ஒட்டிய வீட்டுக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டுதான் இரும்பைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தக் கரைவை விரைவுபடுத்துகிறது. 55 சதவீதம் அலுமினியம் கலந்த பூச்சு இதைவிட மேல் என்றாலும், வெட்டிய விளிம்பு அதன் பலவீனம். வாங்குமுன் உத்தரவாதப் பத்திரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் செல்லாது என்ற விதி பலவற்றில் உண்டு.

என் முதல் தேர்வு அலுமினியத் தகடு. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். 0.7 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 2 கிலோகூட இராது. ஆனால் பலர் நல்ல தகட்டை வாங்கிவிட்டுத் திருகில் சிக்கனம் பிடிக்கிறார்கள். அங்கேதான் கூரை கெடுகிறது. துத்தநாகம் பூசிய திருகு முதலில் பூச்சை இழக்கும், பிறகு துருப்பிடிக்கும், கடைசியில் துளையைச் சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்கும். 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகும், இரு உலோகங்களையும் பிரித்து வைக்கும் ரப்பர் வாஷரும் கேட்டு வாங்குங்கள். செம்புக் குழாயின் நீர் அலுமினியத்தின்மேல் சொட்டக் கூடாது. குழி குழியாக அரித்துவிடும். இன்னொன்று, அலுமினியம் வெயிலில் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். 10 மீட்டர் நீளத் தகடு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 9 மி.மீ. வரை நீளும். அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் திருகுத் துளைகள் கிழிந்து அகலும்.

சுட்ட மண் ஓடு துருவே அறியாதது, அழகும் கூட. நன்றாக வேகாத ஓட்டில் மட்டும் உப்பு நுண்துளைகளுக்குள் புகுந்து படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ எடையைக் கைமரங்கள் தாங்க வேண்டும். அந்த எடை இருந்தும் புயல் காற்று ஓட்டை மேல்நோக்கி உறிஞ்சித் தூக்கும். ஓரத்திலும் முகட்டிலும் உள்ள ஒவ்வோர் ஓட்டையும் துருப்பிடிக்காத கம்பியால் கட்டியே ஆக வேண்டும்.

கான்கிரீட் தளத்தைக் காற்று அசைக்காது. ஆனால் குளோரைடு ஊடுருவிக் கம்பியை எட்டினால், துரு பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் போதிய கனத்தோடும் நெருக்கத்தோடும் அமையும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே இதற்குச் சம்மதியுங்கள்.

வலுவான கைமரங்கள் ஏற்கெனவே இருந்தால் ஓடு, புதிதாகச் சட்டம் கட்டுவதானால் அலுமினியம் என்பேன். தகடு போட்டவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை இறவாணத்தின் அடியிலும் பீய்ச்சிக் கழுவுங்கள்.