‘ஃபுல் டர்போ கிட்’ பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வண்டி பழைய மாருதி எஸ்டீம். இன்ஜின் 1298 சிசி, 16 வால்வு ஜி13பிபி. டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்காக அதற்கு டர்போ கிட் (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவியும் அதோடு சேரும் பாகங்களும்) கேட்டதற்கு, “எல்லாமே மேட்ச் பண்ணினது சார், போல்ட் போட்டு முடுக்கினா போதும், 200 எச்.பி. கேரண்டி” என்று ஒண்ணேகால் லட்சம் வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியை அனுப்பினார்கள். பில் கிடையாது, பணம் போனதற்கு யுபிஐ ரசீது மட்டும்தான். விற்றவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியைப் பலர் விற்கிறார்கள் என்பதால், உள்ளே என்ன இருந்தது, எது ஏன் சேராது என்பதைச் சொல்வதுதான் உபயோகம்.

விற்றவர் கேட்காமல் விட்ட கணக்கு இது. 1.3 லிட்டர் இன்ஜின் 6500 ஆர்.பி.எம்.மில் டர்போ இல்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9.7 பவுண்டு காற்று இழுக்கும். 0.6 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்) கொடுத்து, இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) தாண்டிய காற்று 50 டிகிரியில் இருந்தால் அது 14.5 பவுண்டு ஆகும். ஒரு பவுண்டுக்குச் சுமார் 10 எச்.பி. என்று போட்டால் 140 முதல் 145 வரை வரும். ஒரிஜினல் 85 எச்.பி. இன்ஜினுக்கு அதுவே பெரிய ஏற்றம். 200 வேண்டுமென்றால் 20 பவுண்டு காற்று வேண்டும். அந்தப் பூஸ்டுக்கு ராட், பிஸ்டன், கிளட்ச், கியர்பாக்ஸ் என்று எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

பெட்டியில் வந்த டர்போ, டீ3/டீ4 மாடலின் நகல். எக்ஸாஸ்ட் சுழற்றும் சக்கரம் டர்பைன், அதோடு சுழன்று காற்றை அழுத்தும் சக்கரம் கம்ப்ரஸர். நிமிடத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் தள்ளுகிற அளவு கம்ப்ரஸர் அது. இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட இன்ஜினில் வைக்க வேண்டியதை 1.3இல் வைத்தால், டர்பைனைச் சுழற்றப் போதுமான எக்ஸாஸ்ட் 5000 ஆர்.பி.எம். பக்கம்தான் வந்து சேரும். அதற்கும் முன்னால் பூஸ்டை வரவழைக்கப் பார்த்தால் கம்ப்ரஸர் மேப்பில் (எவ்வளவு காற்றுக்கும் அழுத்தத்துக்கும் அது எப்படி ஓடும் என்று காட்டும் வரைபடம்) இடது ஓரத்தில், காற்று பின்னோக்கி அடிக்கத் தொடங்கும் சர்ஜ் கோட்டை ஒட்டி நிற்கும். ஷாஃப்ட் முன்னும் பின்னும் அடிபட்டு, அந்த அடியைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேயும். சூட்டையும் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் 0.6 பாருக்கு, 70 சதவீதத் திறனில் ஓடும் கம்ப்ரஸர் காற்றை 98 டிகிரிக்கு ஏற்றும். 55 சதவீதத்தில் ஓடினால் 115. சொன்ன மாடலின் கம்ப்ரஸர் மேப்பைக் காட்ட முடியாதவரிடம் டர்போ வாங்கவே வாங்காதீர்கள்.

‘பால் பேரிங்’ என்று லேபிள் ஒட்டியிருந்தது. கையால் ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தால் நன்றாக ஆடியது. குண்டு இல்லாமல் எண்ணெய்ப் படலத்தில் சுழலும் சாதா ஜர்னல் பேரிங், எண்ணெய் இல்லாதபோது அப்படித்தான் ஆடும், அது குறை இல்லை. பால் பேரிங் என்றால் அசைவு அதைவிடக் குறைவாகவே இருக்கும். விலை வித்தியாசத்தை விட மோசமான விளைவு இதில் உண்டு. லேபிளை நம்பி, பால் பேரிங்குக்கான 0.9 மி.மீ. துளையால் எண்ணெய் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டரையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். அதை ஜர்னல் பேரிங்கில் போட்டால் எண்ணெய் பற்றாமல் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் திரும்பும் ரிட்டர்ன் பைப்போ உள்விட்டம் 10 மி.மீ. குறைந்தது 12.7 வேண்டும், 16 இருந்தால் நிம்மதி. எங்கும் மேலேறாமல் இறங்கி, ஆயில் பேனில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தேங்கி டர்பைன் பக்கம் கசிந்து நீலப் புகை வரும். ‘சீல் போச்சு’ என்று அடுத்த டர்போவையும் அவரே விற்பார்.

பூஸ்ட் மீறாமல் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் கதவுதான் வேஸ்ட்கேட். அதைத் திறக்கும் ஆக்சுவேட்டரைக் கேஜ் வைத்த கைப்பம்பில் மாட்டிச் சோதித்தபோது 1 பாரில்தான் தண்டு நகரத் தொடங்கியது. கேட்டதற்கு வந்த பதில்: “பூஸ்ட் கன்ட்ரோலர்ல குறைச்சுக்கலாம்.” முடியாது. ஸ்பிரிங் எந்த அழுத்தத்தில் திறக்கிறதோ அதுதான் அடிமட்டப் பூஸ்ட். கன்ட்ரோலர் அதை மேலே தூக்கும், கீழே இறக்காது. இந்த ஒரு பதிலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பிஸ்டன் விஷயம்தான் பெரிய மோசடி. ‘ஃபோர்ஜ்டு, 8.5 கம்ப்ரஷன்’ என்று எழுதியிருந்த பிஸ்டனின் அடியில், ராடைக் கோக்கும் பின் நுழையும் தடித்த இடத்தை (பின் பாஸ்) சுற்றி வார்ப்பு அச்சு சேர்ந்த கோடு அப்படியே தெரிந்தது. அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு இல்லை, வார்த்த பிஸ்டன். பிஸ்டன் தலையிலுள்ள கிண்ணத்தை ப்யூரெட்டால் (அளவுக் குழாய்) அளந்தால் 2 சிசி. கம்ப்ரஷன் என்பது கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது. கணக்கு போடுங்கள்: இந்த இன்ஜினின் போர் (சிலிண்டர் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 75.5 மி.மீ., ஒரு சிலிண்டருக்கு 324.7 சிசி. தட்டைப் பிஸ்டனோடு 9.5 கம்ப்ரஷன் என்றால் மேலே மிஞ்சும் இடம் 38.2 சிசி. 8.5க்கு இறங்க 43.3 வேண்டும், அதாவது கிண்ணம் 5 சிசி. இவர்கள் கொடுத்த 2 சிசிக்குக் கிடைப்பது 9.1.

அதை ஈடுகட்டவோ என்னவோ, ஒரு மி.மீ. கூடுதல் தடிமனில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கட்டும் வைத்திருந்தார்கள். கம்ப்ரஷன் குறையும், உண்மைதான். ஆனால் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே 1 மி.மீ. அளவில் இருக்க வேண்டிய இடைவெளி இரண்டைத் தாண்டிப் போகும். அந்த ஓரத்தில் கலவை கலங்காமல் நின்று, தானே வெடிக்கும். இதற்குத்தான் நாக் என்று பெயர். நாக் குறைக்க வாங்கிய கேஸ்கட்டே அதைக் கூட்டிவிடும்.

ரிங் கேப்பும் (பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) அளக்காமல் மாட்டாதீர்கள். டர்போவுக்கு மேல் ரிங் 0.33 முதல் 0.37 மி.மீ., இரண்டாவது 0.41 என்று தொடங்கலாம். பிஸ்டன் கம்பெனி தந்த தாள் இருந்தால் அதுவே கணக்கு. பெட்டியில் வந்த ரிங்கைச் சிலிண்டரில் இறக்கி ஃபீலர் கேஜ் வைத்தால் 0.20. சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு, பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள ரிங் லேண்டை உடைத்துக்கொண்டு வந்திருக்கும்.

பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ‘440 சிசி’, அதாவது நிமிடத்துக்கு. எந்த அழுத்தத்தில் என்று சொல்லவில்லை. 4 பாரில் 440 என்பது 3 பாரில் 381தான். 140 எச்.பி.க்கு 80 சதவீத ட்யூட்டியில் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்) 280 போதும். இப்போது பங்கில் வரும் ஈ20 பெட்ரோலுக்குக் கொஞ்சம் சேர்த்தால் 300. பெஞ்சில் ஓட்டியபோது நான்கும் 408, 431, 388, 437. எக்ஸாஸ்டில் இருக்கும் ஒரே சென்சார் சராசரியைத்தான் காட்டும். அது லாம்டா (காற்று–பெட்ரோல் விகிதம்; எண் ஏறினால் பெட்ரோல் குறைவு) 0.80 என்று அழகாகச் சொல்லும்போது மூன்றாவது சிலிண்டர் 0.86இல் எரிந்துகொண்டிருக்கும். முதலில் ஓட்டையாகும் பிஸ்டன் அதுதான்.

மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் 2.4 ஓம். இன்ஜினை இயக்கும் ஒரிஜினல் கம்ப்யூட்டர் (ஈசியூ) 12 முதல் 16 ஓம் இன்ஜெக்டருக்கானது. ஓர் ஆம்பியர் அளவில் இழுக்க வேண்டிய இடத்தில் ஆறு ஆம்பியர் இழுத்து, ஈசியூவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் கருகிவிடும். கூட வந்த, ஈசியூ சிக்னலை மாற்றும் பிக்கிபேக் பெட்டியோடு 2.5 அல்லது 3 பார் மேப் சென்சாரும் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) இல்லை. ஒரிஜினல் சென்சார் காற்றழுத்தத்துக்கு மேல் படிக்காது. பூஸ்ட் ஏறினாலும் டர்போ இல்லாத இன்ஜின் என்று நினைத்தே ஈசியூ பெட்ரோலும் டைமிங்கும் கொடுக்கும்.

255 லிட்டர் ஃப்யூயல் பம்ப் வேறு. தேவை மணிக்கு 55 லிட்டர். நல்ல 100 லிட்டர் பம்ப் 3.6 பாரில் அதைத் தந்தால் தீர்ந்தது.

(சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள். இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும்.)

ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால், எதையும் இன்ஜினில் மாட்டாதீர்கள். ஒரு போல்ட் தடம் விழுந்தாலே ‘யூஸ் பண்ணின பொருள்’ என்று கை கழுவுவார்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். வெர்னியர், ப்யூரெட், மல்டிமீட்டர் காட்டும் எண் படத்தில் தெரியட்டும். இன்ஜெக்டர் பெஞ்ச் ரிப்போர்ட்டை அந்தக் கடையின் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். ‘மேட்ச் பண்ணினது’, ‘ஃபோர்ஜ்டு’, ‘கேரண்டி’ என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பில் இல்லாத இடத்தில் அவையும் யுபிஐ ரசீதும்தான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லலாம். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.