சென்னை–கொழும்பு விமானம்: எந்த ஜன்னல் சீட்? ஆறு வருட அனுபவம்

வேலை காரணமாக ஆறு வருடங்களாக மாதம் ஒருமுறையாவது சென்னையிலிருந்து கொழும்புக்குப் போய் வருகிறேன். முதல் வருடம் கிடைத்த ஜன்னலில் உட்கார்ந்து பாதி நாள் றெக்கையைத்தான் பார்த்தேன். அப்புறம் ஒரு சின்ன நோட்டில் வரிசை எண், நேரம், வெயில் விழுந்த பக்கம், கண்ணில் பட்டது எல்லாவற்றையும் குறிக்க ஆரம்பித்தேன்.

இந்தத் தடத்தில் விமானம் ஏறக்குறைய நேர் தெற்கே போகிறது. போகும்போது இடது ஜன்னலான 'ஏ' சீட் கிழக்கு, வலது ஜன்னலான 'எஃப்' சீட் மேற்கு. விருந்து மேற்கில்தான். முதலில் கோடியக்கரையின் முனை, அதை ஒட்டி வேதாரண்யம் உப்பளங்கள், பாத்தி கட்டியது போல. பிறகு ராமேஸ்வரம் தீவு வால் போல நீண்டு அரிச்சல்முனையில் முடியும். அங்கிருந்து இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் வரை மணல் திட்டுகள். திட்டைச் சுற்றித் தண்ணீர் வெளிர்பச்சை, கொஞ்சம் தள்ளினால் கருநீலம். கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் இது வந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் சாண்ட்விச் தட்டும் வரும். இறங்கும்போது கற்பிட்டியும் புத்தளம் களப்பும் (கடலோரக் காயல்) அதே பக்கம். 'ஏ' பக்கம் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணக் குடாநாடும் ஆனையிறவும் அங்கேதான்.

ஆனால் பக்கத்தைவிட வெயில் முக்கியம். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. காலை விமானத்தில் வெயில் கிழக்கே, அதாவது 'ஏ' பக்கம். 'எஃப்' நிழலில் இருப்பதால் கடலின் நிறம் அப்படியே தெரியும். மேகம் இருந்தால் அதன்மேல் நம் விமானத்தின் நிழலும், அதைச் சுற்றி வட்டமாக வானவில்லும் ஓடி வரும். வெயிலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு மட்டுமே இது கிடைக்கும். மாலை திரும்பும்போது அதே மணல் திட்டு 'ஏ' பக்கம் வரும் என்று கணக்குப் போட்டு ஏமாந்திருக்கிறேன். சாய்ந்த வெயில் ஜன்னலில் பட்டதும் அதிலுள்ள கீறல் ஒவ்வொன்றும் மின்னுகிறது, கடல் வெறும் தகரம் போலத் தெரிகிறது. இப்போது மாலையில் 'எஃப்' எடுத்து யாழ்ப்பாணத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

வரிசை விஷயம் சுருக்கமாக: ஏர்பஸ் 320 என்றால் சுமார் 10 முதல் 20 வரை றெக்கை. அதற்குப் பின்னால் கீழே நன்றாகத் தெரியும், ஆனால் இன்ஜின் சூட்டில் காட்சி கானல் போல நெளியும். போட்டோ எடுப்பவர்கள் முன்னால் போவது நல்லது. யாழ்ப்பாணத்துக்குப் பறக்கும் ஏடிஆர் என்ற சின்ன விமானத்தில் றெக்கை தலைக்கு மேலே இருப்பதால் இந்தக் கவலையே குறைவு.

ஒருமுறை வேறொரு ஊருக்கு போயிங் 737-இல் போனேன். ஜன்னல் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று சுவர். "இந்த வரிசைக்கு ஜன்னல் கிடையாது சார்" என்று பணிப்பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏசி குழாய் சுவருக்குள் போகிற இடமாம். றெக்கைக்குச் சற்று முன்னால் இப்படி ஓரிரு வரிசைகள் வரும். பணம் திரும்பவில்லை. அதிலிருந்து சீட் மேப்பை நம்புவதில்லை. அதே ரக விமானத்தில் அந்த சீட்டிலிருந்து எடுத்த போட்டோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் எந்த சீட்டுக்கும் காசு செலவழிக்காதீர்கள், மேகம்தான் தெரியும். பிப்ரவரி, மார்ச் காலை விமானத்துக்கு 7 எஃப் கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள். அந்த மாதங்களில் எனக்கே பாதி நாள் அது கிடைப்பதில்லை.