9,40,000 ரூபாய் போனது: பழைய ரோலெக்ஸ் வாங்குகிறவர்கள் பேக் கவரைத் திறக்காமல் பணம் அனுப்பாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் மாப்பிள்ளைக்கோ அப்பச்சியின் அறுபதாம் கல்யாண சாந்திக்கோ பழைய ரோலெக்ஸ் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். காரைக்குடிக் குடும்பம் ஒன்றுக்கு 9,40,000 ரூபாய் போயிருக்கிறது. கையில் இருக்கும் வாட்ச்சின் கேஸ் அசல், டயல் அசல், செயின் அசல். உள்ளே ஓடும் மெஷின் போலி. வெளியே பர்மா தேக்கு, உள்ளே ஒட்டுப்பலகை. வாங்குகிறவர்கள் எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

விற்றது தெருவோர ஆள் இல்லை. பெருநகரம் ஒன்றில் கண்ணாடி ஷோரூம் போட்டு, போனிலும் வலைத்தளத்திலும் பழைய சொகுசு வாட்ச் விற்கும் கடை. புகார் கொடுத்தாகிவிட்டது, அதனால் பெயரை இங்கே எழுதவில்லை.

வாட்ச், ரோலெக்ஸ் சப்மரைனர் 116610எல்என். 2010 முதல் 2020 வரை வந்த மாடல்: 40 மில்லிமீட்டர் ஸ்டீல் கேஸ், கறுப்பு செராமிக் பெசல் (கண்ணாடியைச் சுற்றித் திருகும் வெளிவளையம்), 300 மீட்டர் ஆழம், உள்ளே 3135 மெஷின். 2020இல் இதை நிறுத்தி, 41 மில்லிமீட்டரில் 3235 மெஷினோடு 126610எல்என் கொண்டுவந்தார்கள். புதிய சப்மரைனருக்கு அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கல்யாணத் தேதி காத்திருக்காது. பழைய வாட்ச் வியாபாரிகளின் கல்லா நிரம்புவது இந்த இடைவெளியில்தான்.

நம்பிக்கை எங்கே விழுந்தது என்று சொல்கிறேன். "கானாடுகாத்தான் பக்கத்து வீட்டுப் பொருள் அண்ணே, சிங்கப்பூர்ல வாங்குனது, விசேஷத்துக்கு மட்டும் கட்டுனது" என்றார் கடைக்காரர் போனில். இந்த ஊரில் இதைக் கேட்டு யாருக்கும் சந்தேகம் வராது. கொண்டுவிற்கப் போனவர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்து கொண்டுவந்த கடிகாரங்கள் இல்லாத பெரிய வீடு இங்கே குறைவு. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் தெரியும். அந்தப் பழக்கத்தை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். வாரண்டி கார்டிலும் சிங்கப்பூர் டீலர் பெயர், 2017ஆம் வருடத் தேதி.

அதற்குமேல் ஓர் ஆளை வாட்ச்சோடு காரைக்குடி வீட்டுக்கே அனுப்பினார். வந்தவர் லூப் என்ற பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். தேதியைப் பெரிதாக்கும் கண்ணாடிக் குமிழ் இரண்டரை மடங்கு பெரிதாக்குகிறதா, ஆமாம். டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் எழுத்துகள் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றனவா, ஆமாம். 6 மணிக்குக் கீழே அதே வளையத்தில் இருக்கும் சீரியல் எண் கார்டோடு ஒத்துப்போகிறதா, ஒத்துப்போனது. கண்ணாடியில் 6 மணி இடத்தில் லேசரால் பதித்த பொடிக் கிரீடம், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிய வேண்டும், அப்படித்தான் தெரிந்தது. பெசல் ஒரே பக்கமாக 120 கிளிக்கில் ஒரு சுற்று. செயின் கொக்கியில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளைட்லாக், 2 மில்லிமீட்டர் படிகளாக 20 மில்லிமீட்டர் வரை நீண்டது. எல்லாம் சரி. வலைத்தளங்களில் போலி ரோலெக்ஸ் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதியிருக்கும் அத்தனை சோதனையும் இவ்வளவுதான். அத்தனையிலும் இந்த வாட்ச் தேறிவிட்டது. தேறாமல் எப்படிப் போகும், அந்தப் பாகங்கள் அசல்தானே!

பேக் கவரைத் திறந்து மெஷினைப் பார்க்கலாமா என்று கேட்டதும் வந்தவர் கைகூப்பினார். "ஐயா, தொறந்தா வாட்டர்ப்ரூஃப் போயிரும், வாரண்டி போயிரும். எங்க டெக்னீஷியன் தொறந்து பார்த்து சீல் வச்சிருக்காரு, வீடியோ இருக்கு" என்று போனில் வீடியோவைக் காட்டினார். பேக் கவரின் மேல் அந்தக் கடையின் வட்டமான சீல் ஸ்டிக்கர். நிபந்தனை: 48 மணி நேரத்துக்குள் திருப்பித் தரலாம், ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் திருப்ப முடியாது. முன்பணம் 50,000, மீதி 8,90,000 அங்கேயே ஆர்டிஜிஎஸ். ஆக மொத்தம் 9,40,000.

மோசடி முழுவதும் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. குறை மெஷினில். மெஷினைப் பார்க்க ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் திருப்பித் தரும் உரிமை போய்விடும். 48 மணி நேரம் என்ற கணக்கும் சும்மா வைத்ததில்லை. 3135 மெஷினுக்கு முழுக்கச் சாவி கொடுத்தால் சுமார் 48 மணி நேரம் ஓட வேண்டும். அதை ஓடவிட்டுச் சோதித்து முடிக்கும்போது கெடுவும் முடிந்துவிடும்.

வாரண்டி போய்விடும் என்றதும் பச்சைப் பொய். ரோலெக்ஸ் 5 வருட வாரண்டி தருவது 2015 ஜூலையிலிருந்து. 2017இல் விற்ற வாட்ச்சுக்கு அது 2022இலேயே முடிந்துவிட்டது. இல்லாத வாரண்டி எப்படிப் போகும்? வாட்டர்ப்ரூஃப்பும் அப்படியே. பேக் கவரைத் திறந்து மூடும்போது ரப்பர் ரிங்கைப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றி, பிரஷர் டெஸ்ட் செய்தால் திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு சர்வீஸிலும் அதைத்தான் செய்கிறார்கள்.

வாட்ச்சைக் கழற்றி வைத்தால் 35 மணி நேரத்துக்குள் நின்றது. சாவி கொடுக்கும்போது கரகரவென்று கை உணர்ந்தது. உள்ளூரில் நல்ல வாட்ச் மெக்கானிக் ஒருவர் டைம்கிராஃபரில் வைத்தார். பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்பதை அந்தக் கருவி காட்டும். முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, நல்ல 3135 ஏறக்குறைய 270 முதல் 300 வரை காட்ட வேண்டும். இது 228. செங்குத்தாக நிறுத்தினால் 200க்கும் கீழே. நிலைக்கு நிலை நேரம் ஒரு நாளைக்கு 25 நொடிவரை மாறியது. அதே கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீச்சைக் கணக்கிட அந்தக் கருவிக்கு நாம் கொடுக்கும் லிஃப்ட் ஆங்கிள் என்ற எண்ணை 3135க்கு 52 டிகிரி என்று வைக்க வேண்டும். அதைக் கூட்டி வைத்தால் வீச்சு எண் தாராளமாகக் கூடிக் காட்டும். விற்பவர் காட்டும் ரீடிங்கில் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பிறகு ஸ்டிக்கரை எடுத்துத் திறந்தார். மெஷினில் வெட்டு எழுத்துகளின் ஓரம் பிசிறு. கை அசைவில் சுற்றிச் சாவி கொடுக்கும் ரோட்டரின் அடியில் இருக்கும் இரண்டு சிவப்புச் சக்கரங்களின் நிறம் திட்டுத்திட்டாக. அசலில் அது அனோடைஸ் செய்த ஒரே சீரான சிவப்பு. பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்கம்பியான நீல ஹேர்ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று மேலே எழும்பி உள்ளே வளைய வேண்டும். இதில் வளைவு கோணலாக இருந்தது. சென்னையில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் கொடுத்தபோது, மெஷின் தங்கள் தயாரிப்பு இல்லை, சர்வீஸுக்கு ஏற்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். கறாராகத்தான் பேசினார்கள், ஆனால் உண்மையைச் சொன்னார்கள்.

இதில் உள்ள கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். சாதாரணப் போலியில் 2824 வகை மெஷின் இருக்கும். அதன் விட்டம் 25.6 மில்லிமீட்டர். 3135இன் விட்டம் 28.5. அசல் டயலின் பின்னால் இருக்கும் கால்கள் அதில் உட்காராது, முள்களின் துளையும் பொருந்தாது. ஆனால் 3135இன் அதே அளவில், அசல் பாகங்களே பொருந்தும்படி நகல் மெஷின்கள் இப்போது வருகின்றன. அதை அசல் கேஸுக்குள் போட்டுவிட்டு, உருவிய அசல் மெஷினைத் தனியாக விற்றுவிடலாம், அல்லது வேறு கேஸில் போட்டு இன்னொரு ரோலெக்ஸ் ஆக்கிவிடலாம். ஒரு வாட்ச் இரண்டாகிறது. நகலும் மணிக்கு 28,800 துடிப்புதான், அதனால் நொடி முள்ளின் ஓட்டத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வீடியோ? அதில் தெரிந்தது அசல் 3135. சீரியல் எண் இருப்பது டயல் பக்கம், மெஷின் தெரிவது பின்பக்கம். வீடியோவில் பின்பக்கம் மட்டும்தான். வாட்ச்சைத் திருப்பும் இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். எந்த வாட்ச்சின் மெஷினோ!

அப்புறம் கேட்ட பதில்கள். முதலில் "டெக்னீஷியன் லீவு, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்." பிறகு "பழைய வாட்ச்சுன்னாலே சர்வீஸ் சென்டர்ல இப்படித்தான் சொல்வாங்க, புதுசு விக்கணும்ல." பிறகு "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கே அண்ணே, நீங்களே மெஷினை மாத்தியிருந்தா நாங்க என்ன பண்றது?" 9,40,000 ரூபாய் கொடுத்த குடும்பத்தைத் திருடன் ஆக்கிய பேச்சு இது. விற்கும்போது, எப்போது வேண்டுமானாலும் 80 சதவீதத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று வாய்கூசாமல் சொன்னவர், கடைசியில் 3 லட்சத்துக்கு "கிரெடிட்" தருகிறேன், வேறு வாட்ச் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதே கடையில்! இப்போது போனை எடுப்பதே இல்லை.

பில்லை எடுத்துப் பார்த்தால் "பழைய கைக்கடிகாரம், உள்ள நிலையில்" என்று ஒரு வரி. கம்பெனிப் பெயர் இல்லை, மாடல் இல்லை, சீரியல் இல்லை, மெஷின் எண் இல்லை. "நூறு சதவீதம் அசல்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும் சான்றிதழின் அடியில் பொடியாக "வெளித்தோற்றப் பரிசோதனை மட்டும்". அது அந்தக் கடை தானே அச்சடித்துக்கொண்ட காகிதம். ரோலெக்ஸ் நிறுவனமே சான்றளித்துப் பழைய வாட்ச் விற்கும் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. அது அங்கீகரிக்கப்பட்ட டீலர்கள் வழியாக மட்டும், 2 வருட உத்தரவாதத்தோடு வருகிறது. அதன் பெயரைப் போலவே ஒலிக்கும் சொற்களை இந்தக் கடைகள் போட்டுக்கொள்கின்றன. இரண்டும் ஒன்றில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு, அவசரமாக:

பணம் முழுவதும் போகும் முன், நீங்கள் தேர்ந்தெடுத்த மெக்கானிக் உங்கள் கண்ணெதிரே திறக்க வேண்டும். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சப்மரைனரின் பேக் கவருக்குப் பற்கள் உண்டு, அதற்கேற்ற சாவி வேண்டும். மூன்றுகால் ஓப்பனரால் திருகவிட்டால் வழுக்கிக் கீறிவிடும். திறந்ததும் பேலன்ஸைப் பாருங்கள். 3135இல் பேலன்ஸைத் தாங்கும் பாலம் இரண்டு பக்கமும் திருகியிருக்கும், வேகம் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் இருக்கவே இருக்காது. நெம்புகோலோ, ரோட்டர் நடுவில் பால் பேரிங்கோ இருந்தால் அது 3135 இல்லை. இரண்டும் இல்லையென்றாலும் நல்ல நகலாக இருக்கலாம், லூப்பில் வெட்டு எழுத்தையும் ஹேர்ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி பேக் கவர் போட்ட சப்மரைனர் என்று எதுவும் கிடையாது.

சீரியலை வைத்து வருடம் சொல்லும் பட்டியல்களை நம்பாதீர்கள். 2010இலிருந்து சீரியல் வரிசையாக வருவதில்லை. கார்டும் பெட்டியும் தனியாக விலைக்குக் கிடைக்கின்றன.

பில்லில் மாடல், சீரியல், "மெஷின் உட்பட எல்லாப் பாகங்களும் அசல்" என்ற வரி, மூன்றும் வேண்டும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தவறு, அதைக் கேட்கும் கடை எதையும் கேட்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்: வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், வெளியே சேமித்து வையுங்கள். ஸ்டிக்கரை எடுக்கும்போது டயல் பக்கச் சீரியலில் தொடங்கி மெஷின் வரை வெட்டில்லாமல் ஒரே வீடியோ, பக்கத்தில் சாட்சியோடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரைக்குடிக்காரர்களுக்கு அது சிவகங்கை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 முதல் 10 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய், 2 வருடத்துக்குள் போட வேண்டும். போலீஸில் மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு என்று எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வாட்ச்சை மட்டும் "செக் பண்ணித் தர்றோம்" என்று கேட்டால் அந்தக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.