சாமுராய் சாம்ப்லூ: முகென் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும்?

2004-இல் தொடங்கிய அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்), ஷினிச்சிரோ வாடனபே இயக்கம், மொத்தம் 26 எபிசோடு. மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்த கையோடு எழுதுகிறேன். முதல் தடவை சண்டைகளுக்காகப் பார்த்தேன், இரண்டாம் தடவை நுஜாபெஸ் இசைக்காக. இந்தத் தடவை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது ஒரே கேள்விதான். தொடரின் நாயகர்களில் ஒருவனான முகென் என்கிற இந்த ஆளோடு சேர்ந்து நடப்பது ஏன் இவ்வளவு ஆபத்தாக இருக்கிறது? கையில் வாள் இருப்பது மட்டும் காரணமாக முடியாது. கதை நடப்பது எடோ காலத்து ஜப்பானில், அங்கே தெருவுக்குத் தெரு வாளோடுதான் திரிகிறார்கள்.

முதல் எபிசோடிலேயே பாதி பதில் கிடைத்துவிடுகிறது. ஃபூ தேநீர்க் கடையில் வேலை பார்க்கும் 15 வயதுப் பெண். அதிகாரியின் மகன் ஆட்களோடு வந்து தகராறு செய்துகொண்டிருக்க, பசியோடு உள்ளே வரும் முகென் டாங்கோ உருண்டைக்குப் பதிலாக அவர்களை ஒரு கை பார்ப்பதாகப் பேரம் பேசுகிறான். சரி, காப்பாற்ற ஒருத்தன் வந்துவிட்டான் என்று நாம் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் ஜின் என்ற இன்னொரு சாமுராய் உள்ளே நுழைந்து, இவன் நல்ல வாள்காரன் என்று தெரிந்த அந்த நொடியில், எதற்காகச் சண்டையை ஆரம்பித்தோம் என்பதே முகெனுக்குப் பொருட்டில்லாமல் போய்விடுகிறது. கடை எரிகிறது. ஃபூவின் வேலையும் அதோடு போகிறது. அவன் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை, அவ்வளவுதான். என்னைப் பயமுறுத்தியது இதுதான். கெட்டவன் என்றால் அவனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். இவனுக்குத் தன் உயிரே பெரிதில்லை, அப்படிப்பட்டவனிடம் அடுத்தவர் உயிருக்கு எங்கிருந்து கணக்கு வரும்?

அவன் உடம்பு அசையும் விதத்திலும் இதைக் காட்டியிருக்கிறார்கள். எந்தப் பள்ளியிலும் பயிலாத வாள்வீச்சு அது. பிரேக் டான்ஸ் மாதிரி தலைகீழாகச் சுழல்வான், இரும்புத் தகடு பதித்த மரச்செருப்பால் வாளைத் தடுப்பான், காலால் உதைத்தபடியே கையால் வெட்டுவான். அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று எதிரிக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. ஜப்பானின் தெற்கே இருக்கும் ரியூக்யூ தீவுகளிலிருந்து வந்தவன், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் நீல வளையமாகப் பச்சை குத்தியிருப்பான். தலைப்பில் இருக்கும் சாம்ப்லூவும் அந்தத் தீவுகளின் சொல்தான், கலவை என்று பொருள்.

ஜின் வேறு வகை. அசையாமல் நிற்பான், வெட்ட வேண்டியதை மட்டும் வெட்டுவான், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நடப்பான். ஆனால் அவனும் பக்கத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆள் இல்லை. தன் குருவைக் கொன்றவன் அவன், அதற்கான காரணம் வெகு தாமதமாகத்தான் நமக்குத் தெரிகிறது. அதற்குள் பழைய சக மாணவன் யுகிமாரு பழிவாங்கத் தேடி வந்துவிடுகிறான். ஜினுடைய ஆபத்து அவன் பின்னால் நடந்து வருகிறது, முகெனுடைய ஆபத்து அவனுக்கு முன்னால் ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, சூரியகாந்தி மணம் வீசும் ஒரு சாமுராயைத் தேடி ஃபூ நடக்கிறாள். தேடல் முடியும்வரை ஒருவரையொருவர் கொல்லக் கூடாது என்று இருவரையும் ஒத்துக்கொள்ள வைத்ததும் அவள்தான். இந்தத் தொடரில் உண்மையான துணிச்சல்காரி அவள் என்றுதான் நான் சொல்வேன்.

முகென் மாறுகிறானா என்று கேட்டால், 20, 21-ஆம் எபிசோடுகளைப் பாருங்கள் என்பேன் (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). பார்வையற்ற இசைக்கலைஞர் சாரா அவனைவிட வலுவானவள். கடைசியில் அவளாகவே காவலைத் தளர்த்துகிறாள், அவன் வாள் இறங்கிவிடுகிறது. ஜெயித்த முகம் இல்லை அவனுக்கு, தோற்றுப்போனவன் போல நிற்கிறான். வெட்டிவிட்டு அடுத்த வேளைச் சோற்றைத் தேடிப் போன ஆள், இங்கே முதல்முறையாக ஒரு சாவின் பக்கத்தில் நின்றுவிடுகிறான். அந்த ஒரு காட்சிக்காகவே தொடருக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

குறைகளும் உண்டு. 12-ஆம் எபிசோடு பழைய காட்சிகளின் தொகுப்பு, தாராளமாகத் தாண்டலாம். அப்புறம் சாராவின் கதை முடிந்த கனத்தோடு நாம் இருக்கும்போது, 22-இல் நடைபிணங்கள், 23-இல் பேஸ்பால். தனியாகப் பார்த்தால் ரசிக்கலாம், அந்த இடத்தில் வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இறுதிக் கதைக்கு ஒரு படி முன்னால் வந்து நூலை ஏன் அறுக்க வேண்டும்? அதற்குப் பதில் எழுத்தறியாத முகென் படிக்கக் கற்றுக்கொள்ளும் 18-ஆம் எபிசோடு மாதிரி இன்னொன்று செய்திருக்கலாம். அதில் அவன் ஹிரோஷிமா கோட்டைச் சுவரில் முடிவிலிக் குறியை வரைகிறான். முகென் என்ற பெயருக்கு எல்லையற்றது என்றும் பொருள் உண்டு.

ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள். முகெனுக்குக் குரல் கொடுத்தவர் கசுயா நகாய், சண்டைக்கு முன்னால் அவர் இழுத்துப் பேசும் அந்தச் சோம்பலான பேச்சைக் கேட்டாலே, ஃபூ ஏன் இரண்டு அடி தள்ளி நிற்கிறாள் என்று புரிந்துவிடும்.