மடிப்புல வர்ற புண்ணுக்கு மூலிகை க்ரீமா, ஸ்டீராய்டு க்ரீமா?

மழை பிடிச்சா ரங்கூன்ல வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான், அக்குள் சிவந்துடுச்சு, மார்புக்கு அடியில எரியுது, லுங்கி இறுக்கிக் கட்டுற இடத்துல வயித்து மடிப்பு புண்ணாயிடுச்சுன்னு. மே நடுவுல ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் துவைச்ச துணியே காயாது, மடிப்புக்குள்ள மட்டும் ஈரம் எப்படிக் காயும். எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, சுகர் வேற இருக்கு, அவங்களுக்கு இது வருஷா வருஷம் வரும். மூலிகை, ஸ்டீராய்டு ரெண்டையும் யோசிச்சுப் பாத்துதான் எங்க வீட்ல மூலிகைப் பக்கம் வந்தோம்.

வேகம்னு பாத்தா ஸ்டீராய்டுதான், அதுல சந்தேகமே இல்ல. தடவின ரெண்டு மூணு நாள்ல சிவப்பு அடங்கிடும், அரிப்பும் சட்டுனு குறையும். டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில டியூப் கிடைச்சிடுது, விலையிலயும் பெரிய வித்தியாசம் இல்ல.

ஆனா நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், இதை எத்தனை நாளைக்குத் தடவ முடியும்? மழை அஞ்சு மாசம், ஸ்டீராய்டு ஒரு வாரம், மிஞ்சினா ரெண்டு வாரம், அதுவும் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் மாதிரி லேசானதுதான். ஏன்னா மடிப்புத் தோல் கை கால் தோல் மாதிரி இல்ல, மருந்தை ரொம்ப உறிஞ்சும். 1967ல ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்புல பல இடத்துல தடவி அளந்து பாத்திருக்காங்க, முன்னங்கையை விட அக்குள்ல மூணரை மடங்குக்கு மேல, விதைப்பை தோல்ல 42 மடங்கு உள்ள போயிருக்கு. அதோட மடிப்புல தோலும் தோலும் ஒட்டி மூடிக்கிட்டே இருக்கு, கட்டு போட்ட மாதிரி, அதனால இன்னும் கூடத்தான் இறங்கும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி வீரியமானதை அங்க மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சிடும். எங்க தெரு அக்கா ஒருத்தங்க ஸ்டீராய்டும் சேத்து மூணு மருந்து கலந்த க்ரீம் ஒண்ணை வருஷம் பூரா தடவிக்கிட்டு இருந்தாங்க, கையைத் தூக்கிக் காட்டினாங்க பாருங்க, அக்குள் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகி உள்ள நரம்பு நீலமா தெரியுது, ஓரத்துல செவசெவன்னு கோடு கோடா. க்ரீமை விட்டாலும் அந்தக் கோடு முழுசா மறையாது, நிறம்தான் மங்கும்.

மூலிகைல இந்த பயம் இல்ல, மழைக்காலம் முழுக்கப் போடலாம். நாங்க பண்றது கத்தாழைதான். மடலை வெட்டினதும் மஞ்சளா ஒரு பால் வடியும், அதை நல்லா வடிய விட்டு, கழுவிட்டு, நடுவுல இருக்குற கண்ணாடி மாதிரி சோத்தை மட்டும் எடுக்கணும், அந்தப் பால் பட்டா சிலருக்கு அரிக்கும். அத்தைக்கு மடிப்பைக் கழுவி, பழைய பருத்தித் துணியால ஒத்தி எடுத்து (தேய்க்கவே கூடாது), விசிறியில நல்லா காய வச்சு, அப்புறம் ரொம்ப மெல்லிசா தடவி, மடிப்புக்குள்ள ஒரு துணித்துண்டு வச்சு விடுவேன். உண்மையைச் சொன்னா பாதி வேலையைக் காய வைக்கிறதே பாத்துக்குது. கடையில வாங்குறதா இருந்தா காலெண்டுலா (சாமந்தி மாதிரி ஒரு பூ) க்ரீம் பாக்கலாம், 2012ல ஈரான்ல 66 குழந்தைங்களுக்கு டயப்பர் புண்ணுக்குக் கத்தாழையும் காலெண்டுலாவும் போட்டுப் பாத்ததுல ரெண்டுலயுமே குறைஞ்சிருக்கு, சின்ன ஆய்வுதான், பெரியவங்க மடிப்புக்கு அதை அப்படியே எடுத்துக்க முடியாது.

மூலிகைன்னா எல்லாமே ஆகும்னு இல்லீங்க. டீ ட்ரீ ஆயில், வேப்பெண்ணெயை நேரா வச்சா வெந்த தோல்ல தீயா எரியும். தனக்கா, அதான் இங்க மரப்பட்டையை அரைச்சுப் பூசுற சாந்து, முகத்துக்குக் குளிர்ச்சிதான், ஆனா மடிப்புக்குள்ள காஞ்சு பொருக்கா நின்னு வேர்வையில உரசுது, அத்தைக்கு ஒத்துக்கல. எது போட்டாலும் முதல்ல கையில கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாத்துக்குங்க. கைக்குழந்தைக்குப் போட்டு எனக்கு அனுபவம் இல்ல, அதைப் பத்தி டாக்டர்கிட்டயே கேளுங்க.

இன்னொண்ணு, பூஞ்சையா இருந்தா ரெண்டு க்ரீமுமே பத்தாது. சிவப்பைச் சுத்தி ஓரத்துல சின்னச் சின்னப் பருவா தெறிச்ச மாதிரி இருந்தா கேண்டிடாங்கிற பூஞ்சையா இருக்கலாம், ஓரம் மட்டும் வளையமா தடிச்சுப் பரவினா படர்தாமரையா இருக்கலாம், அதுக்கு க்ளோட்ரிமசோல் மாதிரி பூஞ்சை மருந்துதான் வேணும். அங்க வெறும் ஸ்டீராய்டு போட்டா அரிப்பு அடங்கி ஆறின மாதிரி தெரியும், பூஞ்சை பாட்டுக்கு உள்ள பரவிக்கிட்டே இருக்கும். சுகர் இருக்குறவங்களுக்கு இது அடிக்கடி வரும், அத்தைக்கும் ஒரு தடவை டாக்டர் பூஞ்சை மருந்தைத்தான் எழுதிக் கொடுத்தார், ஆறினப்புறம்தான் திரும்பக் கத்தாழைக்கு வந்தோம். சீழ், நாத்தம், காய்ச்சல் இருந்தா வீட்டு வைத்தியமே வேணாம், உடனே போய்க் காட்டிடுங்க.

மூலிகை வாங்குறவங்க டப்பால என்ன எழுதியிருக்குன்னு பாத்து வாங்குங்க. இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல எக்ஸிமாவுக்கு (தோல் சிவந்து அரிக்கிற கரப்பான்) போட்டுக்கிட்டு இருந்த மூலிகை க்ரீம் 24ஐ சோதிச்சு 2003ல வெளியிட்டாங்க, 20ல ஸ்டீராய்டு கலந்திருந்துச்சு, அதுல பலதுல அந்த க்ளோபெட்டசாலேதான். பச்சிலைன்னு சொல்லிக் கொடுத்தது ரெண்டே நாள்ல மாயமா குணமாக்கி, நிறுத்தினதும் முன்னைவிட மோசமா திரும்பி வந்தா எனக்கு அந்த டப்பா மேலதான் முதல் சந்தேகம் வரும். அதனாலதான் நான் தொட்டியில இருக்குற கத்தாழையையே வெட்டிக்கிறேன்.