ரெசில்மேனியா 40: சாமி ஸேனின் இரவு

பிலடெல்ஃபியாவில் 2024 ஏப்ரல் 6, 7 ஆகிய நாட்களில் நடைபெற்ற, WWE நிறுவனத்தின் ரெசில்மேனியா 40 மல்யுத்த நிகழ்ச்சியில் என் மனத்தில் ஆழப் பதிந்தது, முதல் நாள் இரவு சாமி ஸேன் குந்தரை வீழ்த்தி, 666 நாட்கள் அவர் வசமிருந்த இன்டர்கான்டினென்டல் பட்டத்தைக் கைப்பற்றிய ஆட்டமே. குந்தரின் அறை ஒவ்வொன்றும் விழ விழ ஸேனின் மார்பு சிவந்துகொண்டே போனது. மனைவியின் கண்ணெதிரே அடிபட்டுக் கிடந்தவர் தட்டுத்தடுமாறி எழுந்த அந்தச் சில நொடிகளில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கோடி ரோட்ஸ், சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸின் 1,316 நாள் ஆதிக்கத்தை முடித்துவைத்தது நியாயமான முடிவுதான் என்றாலும், ஜான் சீனா, அண்டர்டேக்கர் எனப் பழைய நட்சத்திரங்கள் அடுத்தடுத்து உள்ளே நுழைந்ததால் ஆட்டத்தின் கனம் சற்றுக் குறைந்துவிட்டது. முதல் நாள் ராக் பங்கேற்ற ஜோடி ஆட்டமோ தேவைக்கு மேல் நீண்டது. அதில் பத்து நிமிடங்களை ரியா ரிப்ளி, பெக்கி லிஞ்ச் மோதிய பெண்கள் ஆட்டத்துக்குத் தந்திருக்கலாம்.